கருக்காப்பும் அதற்குரிய காலமும்

உயிர்கள் தம்மைப் பிணித்த மலம் நீங்கி வீடுபேறு எய்துதற்பொருட்டு இறைவன் தநு கரண புவன போகங்களைக் கூட்டுவிக்கின்றான் என்பது சித்தாந்த நூற்றுணிபு. அவற்றுள் முதற்கண் வைத்தெண்ணப்படுவது தநு என்னும் உடம்பு. அவ்வுடம்பு தோன்றி வளருமிடம் தாய்வயிறு. ஆதலின் தாய்வயிற்றைப் பேணுதல் உயிரின் கருவியைப் பேணுதலேயாம். இதனை மறுப்பார் நம்முள் ஒருவருமிலர். ஆயின், அப்பேணுதல் எப்பொழுது தொடங்கற்பாலது என்னும் வினாவிற்கு விடை கூறுமிடத்து உலகம் நெடுங்காலம் பிழைபட்டே வந்தது. அப்பிழை சிறிது சிறிதாகத் திருந்திய வரலாற்றினை, அதன்கண் நம் குன்னூரும் சென்னையும் பெற்ற பங்கினையுங் காட்டி, ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

நம் நூல்கள் தாய்வயிற்றினைப் பேசாது விட்டனவல்ல. திருமூலதேவர் தமது திருமந்திரத்தின் இரண்டாந் தந்திரத்திலே கர்ப்பக்கிரியை எனத் தனிப்பகுதியே வைத்தருளினார். மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலில், கருவிலுற்ற உயிர் திங்கள்தோறும் இடர்க்குத் தப்பி வரும் வகையை முதற்றிங்கள் தொடங்கிப் பத்தாந் திங்களீறாக எண்ணிக் காட்டினார். ஓதுவார் அதனை விரைந்து ஓதிச் செல்வர். கேட்பாரும் பிறவித் துன்பங் கூறியவாறு என்று கேட்டமைவர். அடிகள் அவ்விடர்களை மகப்பேற்று நாளினின்று தொடங்கினாரல்லர். முதற்றிங்களினின்றே தொடங்கினார் என்பதனை உளங்கொள்ளுக. வடமொழிச் சரகசங்கிதையும் சாரீரத்தானத்து எட்டாம் அத்தியாயத்திலே, கருவுறுதற்கு முன்னர்க் கணவன் மனைவி இருவர் உடலையுந் தூய்மை செய்தல் வேண்டுமென்றும், கருவுற்றபின் திங்கள்தோறும் உண்ணற்பாலன இவையென்றும் விரித்துரைக்கும்.

இவற்றைக் கொண்டு, பிற்காலத்தார் சோதனையாற் கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் முன்னரே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் யான் செய்யேன். அடிகள் திருவாக்கு மருத்துவங் கூற எழுந்ததன்று, பிறவியறுக்க எழுந்தது. அதன்மேல் இல்லாத பொருளை ஏற்றுதல் அதற்குப் பெருமையாகாது. எனினும், முதற்றிங்களே இடருடையது என்னும் சொல்லை நாடோறும் நாவினாற் சொல்லும் நாம், அத்திங்களிலே தாய்க்கு வேண்டுவது யாதென்று கேளாதிருந்தது நம் குறையேயாம்.

நம் சந்தான முதற்குரவர் திருவவதார வரலாற்றினையும் நினைக. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். திருமுறையிற் கயிறு சார்த்திப் பார்க்க, ஆளுடைய பிள்ளையாரது திருவெண்காட்டுத் திருப்பதிகத்துத் திருப்பாட்டு வெளிப்பட்டது. அவர் மனைவியாரோடு அத்தலத்தையடைந்து, முக்குளநீர் படிந்து, வழிபட்டிருந்து, மெய்கண்டார் என்று உலகம் போற்றும் சுவேதவனப் பெருமாளை மகவாகப் பெற்றார் என்பது வரலாறு. ஈண்டு நோக்கற்பாலன இரண்டு. ஒன்று, அந்நோன்பு கருவுறுதற்கு முன்னரே மேற்கொள்ளப்பட்டது. மற்றொன்று, அதனை மனைவியார் தனித்துச் செய்தாரல்லர். இருவரும் உடன் செய்தனர். இவ்விரண்டனையும் உள்ளத்து வைத்துக்கொண்டு மேல்வரும் வரலாற்றைப் படிக்க.

யான் திருமடத்திற் பாடங்கேட்டிருந்த இளம்பருவத்தே என் தமக்கையார் இரண்டாம் மகப்பேற்றின்பின் இறந்தார். கருவுற்றிருந்த நாளெல்லாம் அவர் முகம் வெளுத்து, நாவும் நகமும் வெளுத்து, படியேறுமிடத்து மூச்சிளைத்து நின்றதை யான் கண்டிருக்கின்றேன். சாம்பலும் சுவர்மண்ணும் தின்னும் வேட்கை அவர்க்கு மிகுந்திருந்தது. அதனை மசக்கை என்று சொல்லி நகைத்தார்களேயன்றி, சோகை என்று ஒருவரும் சொல்லவில்லை. மிகுதியாக உண்டால் வயிற்றுப்பிள்ளை பெருத்துப் பேறு அரிதாகும் என்று முதியோர் அவர்க்கு உணவையுங் குறைத்தனர். அவரெல்லாம் அன்பில்லாதவரல்லர், அறியாதவர். அன்பு அறிவோடு கூடாவழிப் பயன்படாது என்பதனை யான் அன்று கற்றேன்.

மேனாட்டினும் நிலைமை வேறாயிருந்ததன்று. மருத்துவர் கருவுற்றாளை அணுகுவது பெரும்பாலும் பேற்றுநோவு தொடங்கிய பின்னரே. எடின்பரோ நகரத்து ஜான் வில்லியம் பாலன்டைன் என்னும் மகப்பேற்று மருத்துவர், பேறு நிகழுமுன்னரே கருவுற்ற மகளிரைப் பேணுதற்கென மருத்துவமனை வேண்டுமென்று 1901-ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வாண்டிலேயே அந்நகரத்து மகப்பேற்று மருத்துவமனையில் அதன்பொருட்டு ஒரேயொரு படுக்கை ஒதுக்கப்பட்டது. இந்நாளில் ஊர்தோறும் நிகழும் கருக்காலப் பரிசோதனைக்கெல்லாம் வித்தாயமைந்தவற்றுள் அவ்வொரு படுக்கையும் ஒன்று. இதனால் காப்பின் தொடக்கம் பேற்றுநாளினின்று கருக்காலத்திற்கு முன்னேறியது. இஃது முதற்படி.

இரண்டாம்படி நம் நாட்டில் நிகழ்ந்தது. 1888-இற் பிறந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் முதலிற் செடிநூலும் மண்ணியலும் பயின்று, பின்னர் மருத்துவங் கற்றவர். 1928-ஆம் ஆண்டில் அவர் பம்பாய் வந்தார். அந்நகரத்துப் பஞ்சாலைகளிற் பணிசெய்யும் ஏழைமகளிர் கருவுற்ற காலத்துக் கொடிய சோகையால் இறந்துபடுதல் மிகுதியாயிருந்தது. இரத்த அணுக்கள் எண்ணிற் குறைந்து, ஒவ்வொன்றும் இயல்பின் மிக்குப் பருத்திருத்தல் அந்நோயின் அடையாளம். நோய்க்கிருமியே காரணம் என்று கருதினாரும் உளர். அம்மையார் பரேலிலுள்ள ஹாஃப்கின் நிலையத்திலிருந்து ஆராயுங்கால், அம்மகளிர் உண்ணும் உணவினை நோக்கினார். பழமுங் கீரையும் பாலும் அரிதாகிய உணவாக அது காணப்பட்டது. நோய் கிருமியினின்றன்று, உணவுக் குறையினின்று வருவதாகலாம் என்னும் ஐயம் அவர்க்குத் தோன்றியது.

1929-இல் அவர் நீலகிரியிலுள்ள குன்னூர்க்கு வந்தார். ஆண்டுள்ள பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மக்காரிசன் என்பார் இந்தியர் உணவுவகைகளைப் பற்றிய ஆராய்ச்சியை நடத்திக்கொண்டிருந்தார். பம்பாய் ஏழைமகளிர் உண்ணும் உணவினையே எலிகட்குக் கொடுத்து அம்மையார் சோதித்தார். பின்னர்க் குரங்குகளையும் அவ்வாறே சோதித்தார். உணவிற் குறைபட்ட விலங்குகள் சோகையுற்றன. மதுவடிப்பில் மிஞ்சும் நொதியினின்று செய்யப்பெற்று, மார்மைட் என்னும் பெயரால் விற்கப்படும் மலிவான சாற்றைக் கொடுத்தவழி அவை தேறின. 1931-இன் தொடக்கத்தில் அவர் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என மக்கள் வழங்கிய மருத்துவமனையில் நோயாளர்க்குப் பணி செய்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்குவது அதுவேயாம். கருவுற்ற சோகை நோயாளர் அந்நொதிச் சாற்றால் நலம்பெற்றதை அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அச்சாற்றில் நலஞ்செய்யும் பொருள் யாதென்று அப்பொழுது தெரிந்திலது. அதனை வில்ஸ் காரணி என்றே வழங்கினர்.

அப்பொருள் கீரையிலிருந்து அகப்பட்டது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து மிச்சல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்னும் மூவர், நான்கு டன் ஸ்பினாச்சுக் கீரையைப் பிழிந்து வடித்து, மிகச் சிறிதளவாக அதனைத் திரட்டினர். இலத்தீன் மொழியில் இலையைக் குறிக்கும் ஃபோலியம் என்னும் சொல்லினின்று ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலைநீர் எனத் தமிழிற் சொல்லலாம்போலும். 1945-இல் இதனை ஆய்வுக்கூடத்திற் செயற்கையாக ஆக்கிய குழுவினை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவர். 1895-இல் ஆந்திரநாட்டுப் பீமவரத்திற் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்றவர் அவர். கீரையினின்று அரிதிற் பெற்ற பொருள், ஏழைக்கும் எட்டும் மாத்திரையாதற்கு வழி இவ்வாறு பிறந்தது.

இவ்வளவும் கருவுற்றபின் தாயைக் காத்தற்கு வேண்டுவன. மூன்றாம்படி இதனினும் வியப்புடையது. அதனை அறிதற்குக் கருவின் முதனாட்களை அறிதல் வேண்டும். கருவில் மூளையும் முதுகுத்தண்டின் நரம்பும் முதற்கண் ஒரு தகடு போலத் தோன்றும். அத்தகடு இருபுறமும் மடிந்து கூடிக் குழலாக மூடும். இம்மூட்டு கருவமைந்த நாளினின்று 28 நாட்களுள் முடிந்துவிடும். எங்கேனும் மூடாதொழியுமாயின், தலையோடும் மூளையும் வளராமல் மகவு இறந்துபடும். அன்றேல் முதுகெலும்பு பிளந்து, கால் தளர்ந்து, நீர்மலம் அடக்கும் வலியின்றிப் பிறக்கும். மாதப்பூப்பு நாள் தவறிச் சின்னாளாயிற்றே என்று ஒருத்தி ஐயுற்று, மருத்துவரை அடைந்து, ஆம் என்று அவர் கூறுமுன்னரே, அக்குழல் மூடியோ மூடாமலோ முடிந்துவிடுகின்றது. அதன்பின் எத்துணை மருந்து கொடுப்பினும் திறந்தது மூடாது. முதற்றிங்களின் இடர் எத்தன்மைத்து என்பது இதனான் விளங்கும்.

இக்குறைக்கும் இலைநீர்க்கும் தொடர்புண்டென்று, 1965-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து ஹிப்பர்டு, ஸ்மிதல்ஸ் என்னும் மருத்துவர் எழுதினர். ஸ்மிதல்ஸ் பின்னர்த் தம் குழுவினருடன், முன்னர்க் குறையுடைய மகவைப் பெற்ற மகளிர்க்குக் கருவுறுமுன்னரே இலைநீருடன் கூடிய உயிர்ச்சத்துக்களைக் கொடுத்துப் பார்த்து, குறை மிகவுங் குறைந்ததென்று 1980-இல் வெளியிட்டார். ஆயினும், மருந்துண்டாரையும் உண்ணாரையும் குடவோலை எடுத்தாற்போலப் பொதுமையிற் பகுத்துச் சோதித்ததன்று என்னும் தடை எழுந்தது. அத்தடையை நீக்குதற்கு 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரிய சோதனை ஒன்றைத் தொடங்கிற்று. 7 நாடுகளில் 33 நிலையங்களில் 1,817 மகளிர் அதன்கட் சேர்ந்தனர். அவர் அனைவரும் முன்னர் அவ்வகைக் குறையுடைய கருவைப் பெற்று வருந்தியவர். 1991-இல் முடிவு தெரிந்தது. குறையுற்ற 27 கருக்களுள் இலைநீர் உண்டார்பால் நிகழ்ந்தன 6. உண்ணாதார்பால் நிகழ்ந்தன 21. நூற்றுக்கு 72 பங்கு காப்பு எனக் கணக்கிட்டனர். பயன் இத்துணைத் தெளிவாயினமையின், மேலும் நடத்துதல் உண்ணாதார்க்குத் தீங்கு செய்தலாமென்று கருதிச் சோதனையை முன்னரே நிறுத்தினர். அடுத்த ஆண்டு ஹங்கேரி நாட்டில் செய்செல் என்னும் மருத்துவர், முன்னர் அத்தகைய குறையுடைய மகவைப் பெறாத மகளிர்க்கும் இக்காப்பு உண்டென்று காட்டினார்.

1992-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையார், கருவுறத்தக்க மகளிர் அனைவரும் நாடோறும் 400 மைக்ரோகிராம் இலைநீர் கொள்ளல்வேண்டுமென்று அறிவித்தனர். கருவுற்றார் என்றிலர், கருவுறத்தக்கார் என்றனர். இச்சொல்வேற்றுமையே மூன்றாம்படியாம். எதிர்பாராது கருவுறுவார் பலராதலின், 1998 முதல் அந்நாட்டில் மாவிலேயே இலைநீர் கலத்தல் சட்டமாயிற்று. நம் அரசும் கருவுறக் கருதும் மகளிர் கருவுறுமுன்னரும், கருவுற்று முதல் மூன்று திங்களளவும், நாடோறும் 400 மைக்ரோகிராம் கொள்ளல்வேண்டுமென 2018-இல் தொடங்கிய சோகை ஒழிப்புத் திட்டத்தில் வகுத்துள்ளது. ஆயினும் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டிற் கருவுற்ற மகளிருள் நூற்றுக்கு 52 பேர் சோகையுற்றிருந்தனர். லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்து ஏறக்குறைய 90 ஆண்டுகள் கழிந்தபின் எடுத்த கணக்கு இது.

அற்றேல், மகவு குறையுடன் பிறத்தலும் இறத்தலும் வினைப்பயனன்றோ? வினைவழி வருவதனை மருந்து மாற்றுமோ? எனின், கூறுதும். வினை சடமாதலின் தானே சென்று பயன்தாராது, இறைவனே கூட்டுவிப்பன், அவன் கூட்டுவிப்பதும் காரணங்களின் வழியேயாம். மழைபெய்தலும் பெய்யாமையும் வினைவழியென்று கூறி ஏரிக்கரையை உயர்த்தாது விடுவார் யாருமிலர். மருந்தும் பயனின்றெனின், அச்சுத களப்பாளர் நோன்பும் பயனின்றெனல் வேண்டும். கீரையும் பயறும் அவற்றின் சாரமாகிய இலைநீரும், அவற்றை ஆராய்ந்தறியும் அறிவும், அவன் தந்த போகத்துள் அடங்குவனவே. தந்ததனைக் கொள்ளாது விடுத்து, விளைந்த தீங்கை வினைமேல் ஏற்றுதல் சைவமன்று, சோம்பலாம்.

இதனை வாதத்தின்பொருட்டு எழுதுகின்றேனல்லேன். பல்லாண்டு முன்னர் எங்கள் தெருவில், முதுகு பிளந்த மகவை ஈன்ற இளம்பெண் ஒருத்தியைச் சூழ்ந்திருந்தோர், எப்பிறப்பில் என்ன பாவஞ் செய்தாளோ என்று அவள் செவிகேட்பச் சொல்லினர். அவள் என் முகத்தை நோக்கினாள். வினையியல்பைப் பன்முறை பாடஞ்சொல்லிய யான், சொல்லவேண்டிய பொழுதில் ஒன்றுஞ் சொல்லாது வெளியே வந்துவிட்டேன். அம்மகவு சில கிழமைகளே உயிர்வாழ்ந்தது. ஒருவர் துன்புறுமிடத்து அவர் பழவினையை எண்ணிப்பார்த்தல் அருகிருப்பார்க்கு உரிய வேலையன்று. அவர் துன்பந் துடைத்தலே உரியது. அன்று சொல்லாததனை இன்று எழுதுகின்றேன்.

நிற்க. சைவநன்மக்கள் தம் இல்லங்களிற் செய்யற்பாலன சில உள. திருமணத்திற்கு நாட்பொருத்தம் பார்க்குமளவிலே நில்லாது, மணமக்கள் மகவினை விரும்புங்காலத்து அதற்குமுன் ஒருமுறை மருத்துவரைக் காணச்செய்க. பெண்ணின் இரத்தத்திற் சோகையுண்டாயின் கருவுறுமுன்னரே தீர்த்துக்கொள்க, நீரிழிவுண்டாயின் அடக்கிக்கொள்க. இலைநீர் மாத்திரையைக் கருவுறுதற்கு ஒரு திங்களேனும் முன்னதாகத் தொடங்குக. முன்னர்க் குறையுடைய மகவைப் பெற்றார்க்கு அளவு மிகுதியும் வேண்டுமாதலின் மருத்துவர் சொற்படி கொள்க. கீரையும் பயறும் கடலையும் நாடோறும் உண்க. நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டுவதால் இலைநீர் அழியும். ஆயினும் உணவொன்றே போதுமென்று மாத்திரையை விடற்க. இதனால் எல்லாக் குறையும் நீங்குமென்பதன்று. தடுக்கத்தக்கன பல தடுக்கப்படும் என்பதே.

ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். கருவுற்ற தொடக்கத்து அந்நோய் கண்ட தாயர் மகவுகள் கண்புரையோடு பிறத்தலை, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண்மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இற் கண்டார். அதற்குரிய தடுப்பூசியைக் கருவுற்றபின் இடலாகாது. ஒரு திங்களேனும் முன்னதாக இட்டுக்கொள்ளல் வேண்டும். இதுவும் முன்னரே செய்யவேண்டிய கடனாதல் காண்க.

புலால் மறுத்த நமக்குச் சிறப்பாகக் கூறவேண்டுவது ஒன்றுண்டு. பி12 என்னும் உயிர்ச்சத்து மரக்கறியில் இன்று. பாலினுந் தயிரினும் சிறிதளவு உண்டு. அதன் குறையாலும் பருத்த அணுவுடைய சோகை வரும். இலைநீரை மட்டும் உண்பின் இரத்தம் தேறினாற்போலத் தோன்றி, நரம்பு நலிதல் உள்ளேயே தொடரும். ஆதலின் அதனையும் சோதித்துக்கொள்க. அச்சத்து நுண்ணுயிர்களை வளர்த்து ஆக்கப்படுவதாதலின் அதனைக் கொள்ளுதல் நம் ஒழுக்கத்திற்கு இழுக்காகாது. கொல்லா நோன்பை மேற்கொண்டவன், தன் மனைக்கண் தோன்றும் உயிர் உணவுக்குறையால் மெலிதற்கும் காரணமாகானல்லனோ?

கணவன்மார்க்கும் ஒரு சொல். புகையும் கள்ளும் தாயின் உடலோடு நில்லாது கருவையும் நலியும். வீட்டிற் புகைப்பவன் புகையை அவள் மூச்சிற் கலக்கின்றான். திருவெண்காட்டு முக்குளத்தில் அச்சுத களப்பாளர் மனைவியாரைத் தனியே மூழ்கவிட்டுக் கரையில் நின்றாரல்லர்.

என் தமக்கையார் பெற்ற மகவு உயிர்பிழைத்து வளர்ந்து, இன்று தானும் பேரப்பிள்ளை காணும் பருவத்தினள். சென்ற ஆண்டு அவள் மகட்குத் திருமணம் நிகழ்ந்தபொழுது, வாழ்த்துக் கூறுமாறு யான் வேண்டப்பெற்றேன். திருநீறு அளித்து வாழ்த்தியபின், மணமக்களைத் தனியே அழைத்து, மேற்கூறியவற்றைச் சுருங்கச் சொன்னேன். மணமகன் முதலில் நாணினான். பின்னர்க் கேட்டு, எழுதியும் வைத்துக்கொண்டான். திங்கள் பல சென்றபின், கருவுற்ற செய்தியோடு, மாத்திரையை முன்னரே தொடங்கினோம் என்று அவன் எழுதினான். அக்கடிதத்தை யான் என் திருவாசகப் புத்தகத்துள், போற்றித் திருவகவல் உள்ள பக்கத்தே வைத்திருக்கின்றேன்.

திருச்சிற்றம்பலம்